பந்து போன பிறகும் கேமராவை இறக்காதீர்கள்

"அக்கா மகள் பள்ளி வாலிபால் அணியில் இருக்கிறாள். கேமரா வைத்திருப்பதால் எல்லா ஆட்டங்களுக்கும் படமெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்துவிட்டது. அடிக்கிற படம், தடுக்கிற படம் எல்லாம் தெளிவாகத்தான் வருகின்றன. ஆனால் பார்த்தால் மனதில் ஒன்றும் தைப்பதில்லை. உணர்ச்சி தெரியும்படி எடுப்பது எப்படி? பெரிய லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் படங்களில் தெளிவு போதுமான அளவு இருக்கிறது, நேரம்தான் தவறுகிறது. பெரும்பாலோர் பந்தையே தொடர்வார்கள். பந்து தரையில் விழுந்ததும் கேமராவை இறக்கி, படம் விழுந்திருக்கிறதா என்று திரையைப் பார்ப்பார்கள். நீங்கள் தேடும் படம் சரியாக அந்த மூன்று நான்கு நொடிகளில் வந்து போய்விடுகிறது. ஆடும்போது முகம் வேலையில் இருக்கும்: கண் பந்தின் மேல், பல் கடித்தபடி, கழுத்து நரம்பு புடைத்தபடி. மகிழ்ச்சியோ ஏமாற்றமோ முகத்தில் ஏறுவதற்கு முதலில் முடிவு தெரிய வேண்டும். எனவே புள்ளி முடிந்த பிறகும் ஐந்து நொடிகளாவது வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். எடுத்த படத்தைப் பார்ப்பதை டைம் அவுட்டுக்கு ஒத்திவையுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் படம் தானாகத் திரையில் தோன்றும் வசதியை மெனுவில் போய் அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

விளையாட்டுப் படம் என்றாலே ஆக்‌ஷன்தான் என்ற எண்ணம் பத்திரிகைக்காரர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. 1964 செப்டம்பர் 20 அன்று பிட்ஸ்பர்கில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஒய். ஏ. டிட்டில் பலமாக மோதி வீழ்த்தப்பட்டார். ஹெல்மெட் கழன்று, வழுக்கைத் தலையிலிருந்து ரத்தம் வழிய, புல்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்த அவரை மோரிஸ் பெர்மன் என்ற புகைப்படக்காரர் எடுத்தார். டிட்டிலுக்கு அப்போது 37 வயது. அவர் ஆடிய கடைசி சீசன் அதுதான். படத்தில் பந்து கிடையாது, எதிராளி கிடையாது, அசைவே கிடையாது. பெர்மன் வேலை பார்த்த நாளிதழின் ஆசிரியர், ஆக்‌ஷன் இல்லை என்று சொல்லி அதை வெளியிட மறுத்துவிட்டார். தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இன்று மாட்டப்பட்டிருப்பது அந்தப் படம்தான். ஒரு நீண்ட விளையாட்டு வாழ்க்கை முடிவுக்கு வருவதை அந்த மண்டியிட்ட உடம்பே சொல்லிவிடுகிறது.

உங்கள் வாலிபாலுக்கு வருகிறேன். உணர்ச்சிப் படங்களுக்கு இதைவிட வசதியான ஆட்டம் அரிது. ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் இரண்டு அணிகளும் தங்கள் பக்கத்தின் நடுவே கூடுகின்றன. 25 புள்ளி கொண்ட ஒரு செட்டுக்குள்ளேயே முப்பது நாற்பது முறை, வலைக்கு ஒரு பக்கம் கொண்டாட்டமும் மறு பக்கம் தேறுதலும் கண்முன் நடக்கின்றன. கொண்டாட்டத்தை யாரும் எடுத்துவிடுவார்கள். நீங்கள் பந்தைத் தவறவிட்ட பெண்ணைப் பாருங்கள். அவள் தோளில் முதலில் கை வைப்பது யார் என்று பாருங்கள். அனேகமாக எல்லா அணியிலும் ஒருத்தி அந்த வேலையைக் கேட்காமலே செய்துகொண்டிருப்பாள். அவள் யாரென்று தெரிந்துவிட்டால் பாதிப் படங்கள் அவளைச் சுற்றியே கிடைக்கும்.

லிபரோவை விட்டுவிடாதீர்கள். வேறு நிற ஜெர்சியில் பின்வரிசையில் மட்டுமே ஆடும் அந்தப் பெண், வலைக்கு மேல் எழும்பி அடிக்கும் படங்களில் வரவே மாட்டாள். தரையோடு தரையாக விழுந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுந்திருப்பதற்குள் அது புள்ளியாகிவிட்டதை அவள் பார்க்கும் கணம் ஒன்று உண்டு. அதை நான் ஸ்மாஷ் படங்களைவிட மேலாக மதிக்கிறேன்.

நிற்கும் இடம் பற்றி: வலைக்கு மறுபுறம் நின்றால் அடிப்பவரின் முகம் நேராகத் தெரியும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வலையைப் பிடித்துக்கொண்டு தொல்லை கொடுக்கும். பக்கக் கோட்டுக்கு வெளியே, வலைக் கம்பத்துக்கு அருகில், உங்கள் அணியைப் பார்த்தபடி உட்கார்ந்தால் குறுக்கே எதுவும் வராது. கூடி நிற்கும்போது முகங்களும் கிடைக்கும். செட் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது நீங்களும் மாறிவிட வேண்டும்.

மற்ற விளையாட்டுகளுக்கும் உங்களை அழைப்பார்கள் என்பதால் அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கால்பந்தில் கோல் விழுந்ததும் எல்லா லென்ஸும் அடித்தவன் பின்னால் ஓடும். வாங்கிய கோல்கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுக்கும்போது தனியாக இருப்பான். பெனால்டி ஷூட் அவுட் வந்தால் உதைப்பவனை ஒன்றிரண்டு முறை எடுத்தால் போதும். நடுக்கோட்டில் தோளில் தோள் கோத்து வரிசையாக நிற்கும் மற்றவர்களிடம் திரும்புங்கள்: ஒருவன் பார்ப்பான், ஒருவன் கண்ணை மூடிக்கொள்வான், ஒருவன் முதுகைத் திருப்பி நிற்பான். கூடைப்பந்தில் கடைசி நிமிடத்து ஃப்ரீ த்ரோவின்போது பெஞ்சைப் பாருங்கள்.

தடகளம் தனி உலகம். நூறு மீட்டர் ஓட்டத்தை முடிவுக் கோட்டுக்குப் பின்னால், பாதைக்கு நேரெதிரே இருந்து எடுங்கள். கோட்டைத் தாண்டிய ஓரிரு நொடிகளில், தான் எத்தனையாவது என்று பக்கத்துப் பாதையைத் திரும்பிப் பார்க்கும் முகத்துக்காகக் காத்திருங்கள். நீளம் தாண்டுதலில் மணலில் விழுந்தவர் உடனே திரும்பி நடுவர் தூக்கும் கொடியைப் பார்ப்பார். வெள்ளையா (தாண்டல் செல்லும்) சிவப்பா (செல்லாது) என்பது உங்களுக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். உயரம் தாண்டுதலில் மெத்தையில் மல்லாந்தபடி, ஆடிக்கொண்டிருக்கும் கம்பியை மூச்சடக்கிப் பார்ப்பார்கள். தொடர் ஓட்டத்தில் கைக்கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டவரை யாருமே எடுப்பதில்லை. தன் பங்கு முடிந்து இனி ஒன்றும் செய்ய முடியாத நிலையில், தன் பாதையிலேயே நின்று கத்திக்கொண்டிருப்பார். பள்ளி விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த முகம் அதுதான்.

இதெல்லாம் கண்ணில் பட்ட பிறகு பட்டனை அழுத்தினால் படம் கிடைக்காது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய கால் நொடி போய்விடுகிறது. நொடிக்கு 8 மீட்டர் ஓடும் ஒரு மாணவி அதற்குள் 2 மீட்டர் கடந்திருப்பாள். கண்ணாடி தூக்கும் பழைய டிஎஸ்எல்ஆரில், படம் பதிவாகும் அந்த இமைப்பொழுது வியூஃபைண்டர் இருண்டுவிடும். அதாவது உச்சக் கணத்தை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் கேமரா அதை எடுக்கவில்லை. ஆகவே முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும்.

ஊகிப்பதற்கு ஆட்டம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆட்களும் தெரிய வேண்டும். தொழில்முறைப் புகைப்படக்காரரிடம் இல்லாத ஒரு வசதி உங்களிடம் இருக்கிறது: அந்தப் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டாலும் அக்கா மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆட்டத்துக்கு முன் பயிற்சியாளரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். காயத்திலிருந்து திரும்பி முதல்முறை களமிறங்குவது யார்? பள்ளியின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள் யார், யாருக்கு இது கடைசி ஆட்டமாக இருக்கலாம்? இரண்டு அணிகளிலுமாக அக்கா தங்கை யாராவது எதிரெதிரே ஆடுகிறார்களா? யாருடைய பெற்றோர் வழக்கமாக வர முடியாமல் இன்று வந்திருக்கிறார்கள்? இவை தெரிந்தால், வேறு யாரும் கவனிக்காத இடத்தில் உங்கள் லென்ஸ் முன்பே போய் நிற்கும். கடைசி விசில் ஊதியதும் எல்லோரும் கோப்பைப் பக்கம் ஓட, நீங்கள் அந்தக் கடைசி ஆண்டு மாணவியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பயிற்சி ஆட்டங்களுக்கும் போய்வாருங்கள். சிலர் புள்ளி எடுத்தால் கத்துவார்கள், சிலர் வானத்தைப் பார்ப்பார்கள், சிலர் உடனே பெஞ்சில் இருக்கும் தோழியைத் தேடித் திரும்புவார்கள். ஒரே ஆள் அனேகமாக ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் செய்வார். கேமராவுக்குப் பழகிப்போன பிள்ளைகள் உங்களைக் கவனிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். பதின்ம வயதில் அது பெரிய விஷயம். தன்னை யாரோ எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்த வயதில் முகம் உடனே மாறிவிடும்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பழைய படங்களைச் சொல்கிறேன். 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டனில் நடந்த குத்துச்சண்டையில் சோனி லிஸ்டனை வீழ்த்திவிட்டு, கையை மடக்கியபடி அவர்மேல் குனிந்து கத்தும் முகமது அலியை எடுத்தபோது புகைப்படக்காரர் நீல் லைஃபருக்கு 22 வயது. அந்தப் படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு இடையே, குத்துச்சண்டை மேடைக்கு அந்தப் பக்கம், இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். லைஃபரின் பத்திரிகைக்கே வேலை பார்த்த அனுபவசாலியான ஹெர்ப் ஷார்ஃப்மன் அவர். அலி திரும்பியிருந்த திசை அவருக்கு முதுகைக் கொடுத்தது. அன்று யாருக்கு எந்தப் பக்கம் அமையும் என்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் பள்ளி மைதானத்தில் உங்களை ஓர் இடத்தில் கட்டிப்போட யாரும் இல்லை. அணியின் பெஞ்ச் எந்தப் பக்கம், பெற்றோர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றை நோக்கித்தான் ஓடுவார்கள்.

இன்னொரு படம் இதற்கு நேர்மாறானது. 1948 ஜூன் 13 அன்று நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் பேஸ்பால் வீரர் பேப் ரூத்துக்குப் பிரியாவிடை கொடுத்து அவருடைய 3ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வளித்தார்கள். கடும் நோயுற்றிருந்த அவர் மட்டையை ஊன்றி நின்றார். மற்றவர்கள் முன்னாலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டிருக்க, நாட் ஃபெயின் என்ற புகைப்படக்காரர் பின்னால் நடந்து போய் அந்த எண்ணையும் தளர்ந்த தோள்களையும் எடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. முகம் தெரியாவிட்டாலும் முதுகு பேசும், கைகள் பேசும். தோற்ற பிறகு முழங்காலில் ஊன்றிய கைகள், ஜெர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளும் விரல்கள், ஷூ லேஸை அவிழ்க்காமல் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது, எல்லாமே படம்தான். முகத்தைக் காட்டாமல் துயரத்தைக் காட்ட முடிவது, பிள்ளைகளைப் படமெடுக்கிறவர்களுக்குக் கூடுதல் நன்மையும்கூட.

உயரத்தைப் பற்றி ஒரே வரி: உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் பின்னணியில் தரையும் கோடுகளும் வரும். உட்கார்ந்து எடுத்தால் ஆடுபவர் ஓங்கித் தெரிவார், தலை குனிந்திருக்கும் முகமும் கிடைக்கும்.

இனி கேமரா. அசைவுக்கு 1/1000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 1/250 நொடிக்குள் 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடுவார். 1/1000இல் அது 1 செ.மீ.க்கும் குறைவு. ஆனால் புள்ளிக்குப் பிந்தைய கட்டிப்பிடிப்புக்கு 1/500 போதும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு 1/250 போதும். வெளிச்சம் குறைந்த உள்ளரங்கில் இந்த வித்தியாசம் பெரிய சலுகை. கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து கலங்கிய முகத்தை மீட்க வழியில்லை. ஃபோகஸ் எப்போதும், நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் இருக்கட்டும். முகத்தைத் தேடிப் பிடிக்கும் வசதி நல்லதுதான், ஆனால் கூட்டத்தில் அது நடுவரிடமோ பார்வையாளரிடமோ தாவிவிடும். அப்படித் தாவினால் சிறிய ஃபோகஸ் பகுதிக்கு மாறிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஆடுகிறவர் கண்ணில் அடிக்கும், பல போட்டிகளில் அனுமதியும் இல்லை.

உள்ளரங்கில் அடுத்தடுத்த இரண்டு படங்கள் நிறத்திலும் வெளிச்சத்திலும் வேறுபட்டு வந்தால் உங்கள் அமைப்பில் கோளாறு என்று நினைக்காதீர்கள். மாறுதிசை மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறையும் 60 ஹெர்ட்ஸில் 120 முறையும் மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/1000 நொடி ஷட்டருக்குத் தெரியும். கேனான் 2014இல் 7டி மார்க் 2 கேமராவில் கொண்டுவந்த ஆன்ட்டி ஃப்ளிக்கர் வசதி, விளக்கு உச்சத்தில் ஒளிரும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். இன்று பல கேமராக்களில் இது உண்டு. மெனுவில் தேடிப் பாருங்கள். எலக்ட்ரானிக் ஷட்டரால் படத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

லென்ஸ் கேள்விக்கு என் பதில்: உள்ளரங்க வாலிபாலுக்குப் பெரிய லென்ஸ் தேவையில்லை, வெளிச்சம் வாங்கும் லென்ஸ் தேவை. 85 மி.மீ. எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒன்று வாங்குங்கள்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் வாங்கும் வெளிச்சம் கூடும். கேமராவோடு வந்த உங்கள் கிட் ஜூம் லென்ஸ் முழுதாக நீட்டிய நிலையில் எஃப் 5.6 என்றால், இது அதைப்போலப் பத்து மடங்குக்கு அருகில் வெளிச்சம் வாங்கும். பின்னணியில் இருக்கும் நாற்காலிகளும் பதாகைகளும் மங்கிப்போய் முகம் தனித்து நிற்கும். திறந்த மைதானத்தில் கால்பந்தும் தடகளமும் அடிக்கடி எடுக்கப்போகிறீர்கள் என்றால்தான் 70-200 மி.மீ. எஃப் 2.8 போன்ற பெரிய ஜூம் லென்ஸ்களுக்குச் செலவழிக்கலாம். அதுவரை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கள் கிட் லென்ஸைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசி விசிலுக்குப் பிறகு பயிற்சியாளரின் அனுமதியோடு கட்டிப்பிடிக்கும் கூட்டத்துக்குப் பக்கத்தில் போக முடியும், அப்போது 18 மி.மீ. அகலக் கோணம்தான் கை கொடுக்கும். அத்தனை நெருக்கம் பெரிய ஸ்டேடியங்களில் யாருக்கும் வாய்ப்பதில்லை.

பட்டனை அழுத்தியிருக்கும்வரை படங்கள் அடுத்தடுத்து விழும் பர்ஸ்ட் முறையில் எடுங்கள், ஆனால் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். கேமராவின் இடைநினைவகம் நிரம்பி, சரியாகக் கொண்டாட்டம் தொடங்கும்போது அது நின்றுவிடும். அடிக்கும்போது மூன்று நான்கு படங்கள், ஒரு சின்ன இடைவெளி, பிறகு முகத்துக்கு மறுபடி மூன்று நான்கு. இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதும் எளிது. தேர்ந்தெடுக்கும்போது கண்ணையும் கையையும் முதலில் பாருங்கள். வாய் திறந்திருக்கும் படமெல்லாம் உணர்ச்சிப் படமாகிவிடாது. வென்றவரும் தோற்றவரும் ஒரே ஃப்ரேமில் வந்திருந்தால், சற்றே ஃபோகஸ் தளர்ந்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எடுப்பது பிள்ளைகளை. ஆட்டம் தொடங்கும் முன் பள்ளியிடம் அனுமதி இருக்க வேண்டும். படங்கள் எங்கே போகும் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிரணிப் பிள்ளைகளுக்கும் இதே மரியாதை உண்டு. அவர்களின் பெற்றோரிடம் நீங்கள் பேசவில்லை என்பதால் அவர்கள் அழும் முகத்தைப் பொதுவில் போடாதீர்கள். காயம்பட்டு வலியில் துடிக்கும்போது கேமராவை இறக்கிவிடுங்கள். பிறகு தோழிகளின் தோளைப் பிடித்து வெளியே நடந்து வரும்போது, அவள் சம்மதிப்பாள் என்று தோன்றினால் எடுங்கள். விழும்போதும் குதிக்கும்போதும் உடை விலகிய படங்களை யோசிக்காமல் அழித்துவிடுங்கள், எவ்வளவு அருமையான கணமாக இருந்தாலும். இணையத்தில் போடும் படங்களில் முழுப் பெயர், வகுப்பு, பயிற்சி நடக்கும் இடம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதாதீர்கள்.

தோல்வியில் அழும் பிள்ளையை எடுக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். எடுக்கலாம் என்பதே என் கருத்து; தூரத்திலிருந்து, ஒரு சில படங்கள், பிறகு விலகிவிட வேண்டும். அதை வெளியிடும் முன் அந்தப் பிள்ளையிடமே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஆனால் அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். பதினாறு வயதில் பார்க்கப் பிடிக்காத படத்தைப் பல ஆண்டுகள் கழித்து அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வதுண்டு.

படங்களைக் கொடுக்கும்போது பட்டியலை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். அணியில் பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேருக்கும் ஒரு நல்ல படமாவது இருக்க வேண்டும், களத்தில் இறங்கவே வாய்ப்பு கிடைக்காதவர்களுக்கும் சேர்த்து. பெஞ்சில் இருந்தவள் கடைசிப் புள்ளியில் துள்ளி எழுந்த படம் உங்களிடம் இருந்தால், அன்றிரவே அவளுடைய அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள்.